ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா? கடலோர வீட்டில் வைஃபையை நீட்டும் வழிகள்

என் மேசைமேல் ஒரு லேன் கேபிளின் முனை கிடக்கிறது. போன மாதம் ராமநாதபுரம் கடலோரத்துப் பெரியபட்டினத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியிலிருந்து வெட்டி எடுத்தது. எட்டுப் பின்களில் ஆறு இன்னும் பளபளவென்று இருக்கின்றன. நான்காவதும் ஐந்தாவதும் மட்டும் பாசி பிடித்தது போலப் பச்சை. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. அந்தக் கேபிளைப் போட்டுப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வீட்டு அக்கா கேட்ட கேள்வியைத்தான் இந்தக் கரை முழுக்க எல்லோரும் கேட்கிறார்கள். "தம்பி, கீழே நல்லா வருது. மாடிக்குப் போனா சுத்திக்கிட்டே நிக்குது. ரிப்பீட்டர் வாங்கவா, மெஷ் வாங்கவா, இல்ல மறுபடியும் கேபிளே இழுக்கவா?" ரிப்பீட்டர் என்பது ரவுட்டரின் சிக்னலைக் காற்றில் வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி. மெஷ் என்பது தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக நடக்கும் பெட்டிகளின் செட்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வீடுகளுக்கும் லாட்ஜுகளுக்கும் கேமராவும் நெட்வொர்க்கும் போட்டுக் கொடுப்பது என் வேலை. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலை நம் ஊரில் அப்படியே சொல்ல முடியாது. எந்தப் பெட்டி வாங்குவது என்பதைவிட, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு இணைப்பு எதன் வழியாகப் போகிறது என்பதுதான் முக்கியம். காற்று வழியாகவா, செம்புக் கம்பி வழியாகவா, கண்ணாடி இழை (ஃபைபர்) வழியாகவா? அதை முடிவு செய்துவிட்டால் பெட்டி தானாக முடிவாகிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் சுவர். கீழக்கரையின் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர் இரண்டடி கனம் இருக்கும். வீடோ வாசலிலிருந்து பின்கட்டு வரை ரயில் பெட்டி மாதிரி நீளும். உப்பும் ஈரமும் ஏறிய சுவர் சிக்னலை இன்னும் விழுங்கும். புது வீடுகளில் பக்கச் சுவர் மெல்லியது, ஆனால் கம்பி கட்டிய காங்கிரீட் தளம் மாடிக்குப் போகும் சிக்னலை மடக்கிவிடும். மாடியில் தகரக் கூரை போட்டிருந்தால் சிக்னல் அதில் பட்டுத் திரும்பிவிடும்.

அடுத்தது மின்வெட்டு. எத்தனை பெட்டி வைக்கிறீர்களோ அத்தனை இடத்தில் மின்சாரம் வேண்டும். ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருந்து, நடுவில் இருக்கும் பெட்டி இல்லாவிட்டால், கரண்ட் போன நிமிடமே மாடியில் வைஃபையும் போய்விடும்.

பிறகு உப்பு. பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் துருவோடு போராடிய கதை எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரில் அதில் ரயிலையே நிறுத்தினார்கள். அந்தக் காற்றுதான் நம் வீட்டு பிளக் பாயின்ட்டுக்குள்ளும் போகிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பழுதானால் வீட்டில் யார் பார்ப்பது? பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் இருக்க, வீட்டில் அம்மாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பணத்தைக்கூட வாங்கும் அன்றைய விலையை வைத்துக் கணக்குப் போடாமல், மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் போடுங்கள்.

## எதையும் வாங்கும் முன்

ஃபைபர் கொண்டுவருபவர் தெருவிலிருந்து உள்ளே நுழைந்த முதல் அறையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அதுதான் சுலபம். நீள வீட்டின் ஒரு முனையில் பெட்டி இருந்தால், சிக்னலில் பாதி தெருவுக்குத்தான் போகும்.

போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு செயலியை இறக்கி, அறை அறையாக நடந்து பாருங்கள். சிக்னலை மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடையில்லாமல் போகும். மைனஸ் 80-க்குப் போய்விட்டால் போனில் கோடு காட்டும், வேலை நடக்காது. பகலில் ஒரு தடவை, வீட்டில் எல்லோரும் இருக்கும் இரவில் ஒரு தடவை பார்த்து, எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை முற்றத்துப் பக்கம் கொண்டுவந்தாலே பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. ஃபைபரை இருபது மீட்டர் நீட்டித் தர ஆகும் கூலி, எந்தப் புதுப் பெட்டியின் விலையையும்விடக் குறைவு. அப்படியும் தீராதவர்களுக்குத்தான் இனி வருவது.

## ரிப்பீட்டர்

விலை குறைந்த வழி. ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து கிடைக்கும். பிளக்கில் சொருகி, பட்டனை அழுத்தினால் போதும். சுவரில் துளை போட வேண்டியதில்லை.

ஆனால் பலர் இதை வைக்கும் இடம் தப்பு. சிக்னலே வராத அறையில் கொண்டுபோய்ச் சொருகுகிறார்கள். வறண்ட கிணற்றில் மோட்டார் இறக்கினால் தண்ணீர் வருமா? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவே, மைனஸ் 60 அளவுக்காவது சிக்னல் இருக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் வேகம். ஒற்றை பேண்ட் (ஒரே அலைவரிசை) ரிப்பீட்டரில் ஒரே ரேடியோதான். ரவுட்டர் சொல்வதைக் கேட்கும் நேரத்தில் அதனால் போனுக்குப் பேச முடியாது. அதனால் அது நிற்கும் இடத்தில் 40 எம்பிபிஎஸ் கிடைத்தால், அதன் வழியாகப் போனுக்கு 20-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ரிப்பீட்டருக்குப் பின்னால் இன்னொரு ரிப்பீட்டர் வைத்தால் அது 10 ஆகும். இரண்டு பேண்ட் உள்ளதை வாங்கி, 5 கிகாஹெர்ட்ஸில் ரவுட்டரைப் பிடித்து 2.4-இல் போனுக்குக் கொடுக்கும்படி அமைத்தால் இந்த இழப்பு குறையும்.

சரி, 20 எம்பிபிஎஸ் போதாதா? போதும். வீடியோ காலுக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ்ஸே போதும். மகன் அபுதாபியிலிருந்து போட்டிம் என்ற வீடியோ கால் செயலியில் கூப்பிடும்போது முகம் உறைந்து நிற்பதற்கு வேகக் குறைவு காரணமாக இருப்பது குறைவு. நடுவில் இருக்கும் காற்றுவழி இணைப்பு விட்டு விட்டு வருவதுதான் காரணம். வேகச் சோதனையில் எண் நன்றாக இருந்தும் கால் அறுந்துபோகிறது என்று சொல்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வாடகை வீடு, ஒரே ஓர் அறை, ஒரே ஒரு மெல்லிய சுவர் என்றால் ரிப்பீட்டரை வாங்குங்கள், தப்பில்லை. இரண்டடிச் சுவருக்கு வேண்டாம். நேராகப் பிளக்கில் உட்காரும் பெட்டி என்பதால், கடலைப் பார்த்த ஜன்னலோரப் பாயின்ட்டில் சொருகாதீர்கள். பிளக்கின் பின் கறுத்து, தொடர்பு விட ஆரம்பித்துவிடும்.

## பழைய ரவுட்டர்களைக் காற்றில் கோப்பது

"வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரவுட்டர் ரெண்டு சும்மா கிடக்கு, அதை வச்சுச் செய்ய முடியாதா?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. முடியும். அதற்குப் பெயர் டபிள்யூடிஎஸ். ஒரு ரவுட்டர் தலைமை, மற்றவை அதோடு காற்றிலேயே கைகோத்து நிற்கும். 2003-இல் வந்த ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீம் பேஸ் ஸ்டேஷனில் இந்த வசதி இருந்தது. மெஷ் என்ற பேச்சு வீட்டுக்குள் வருவதற்கு வெகு முன்பே பலர் இப்படித்தான் பெரிய வீடுகளைச் சமாளித்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், 1999-இல் வந்த 802.11 தரநிர்ணயம் இதற்கான முகவரி அமைப்பை மட்டும் சொன்னது. இணைப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் செய்தது. அதனால் இரண்டு வேறு கம்பெனி ரவுட்டர்கள் பெரும்பாலும் சேராது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்கள்கூடச் சில நேரம் சண்டை போடும். எல்லாம் ஒரே சேனலில் இருக்க வேண்டும், பாதுகாப்பு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ரிப்பீட்டரில் சொன்ன அதே வேகப் பாதிப்பு இங்கும் உண்டு. சில பழைய பெட்டிகளில் டபிள்யூடிஎஸ் போட்டால் வெப் (WEP) என்ற பழைய பாதுகாப்புப் பூட்டு மட்டும்தான் வேலை செய்யும். அது 2001-லேயே உடைபட்டது. வங்கிச் செயலி திறக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

ஒரே மாடலில் இரண்டு கையில் இருந்து, டபிள்யூபிஏ2 பூட்டோடு சேர்கிறது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பாருங்கள். இதற்காகக் காசு போட்டு எதையும் வாங்காதீர்கள். அந்தப் பழைய ரவுட்டரைக் கேபிள் போட்டு ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக) ஆக்கினால் அதைவிட நன்றாக ஓடும். அதைக் கீழே சொல்கிறேன்.

## மெஷ்

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. வாசலில் பேச ஆரம்பித்துப் பின்கட்டு வரை நடந்தால் போன் ஒரு பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். செயலி வழிகாட்ட, பத்து நிமிடத்தில் அமைத்துவிடலாம். நல்ல தொழில்நுட்பம், மறுக்க மாட்டேன். இரண்டு பெட்டி சேர்ந்த செட் ஐயாயிரத்தை ஒட்டித் தொடங்கி, மூன்று பேண்ட் வகைகளில் பதினைந்தாயிரத்தைத் தாண்டும்.

இரண்டு பேண்ட் மெஷ்ஷில் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் உங்கள் போனோடு பேசுவதும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில்தான். மூன்று பேண்டில் பெட்டிகளின் பேச்சுக்குத் தனி ரேடியோ உண்டு, அதற்குத்தான் அந்த விலை. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை கனத்த சுவரைத் தாண்டத் திணறும். கீழக்கரையில் ஒரு வீட்டில் மூன்று பேண்ட் செட்டை வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு சுண்ணாம்புச் சுவர். தனி ரேடியோ சுவரைத் தாண்ட முடியாமல், இணைப்பு 2.4-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்த காசு சுவரிலேயே நின்றுவிட்டது.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. மகன் விடுமுறையில் வந்து, தன் போனில், தன் கணக்கில் மெஷ்ஷை அமைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவான். ஆறு மாதம் கழித்து ஒரு பெட்டி சிவப்பு விளக்குக் காட்டும்போது வீட்டில் இருப்பவர்களால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. பல செயலிகளில் இன்னொருவரையும் மேலாளராகச் சேர்க்கலாம். கிளம்பும் முன் தங்கையையோ அண்ணியையோ அதில் சேர்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர் என்பதால், மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறையில் வையுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டருக்குள் ரவுட்டர் ஆகிக் கேமராவும் பிரிண்டரும் ஒன்றையொன்று காணாமல் தேடும்.

முற்றம் திறந்த வீடு, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டி கண்ணுக்குத் தெரியும், சுவரைத் தொடவே கூடாது. இப்படியென்றால் மெஷ்தான் சரி. இரண்டு பெட்டிகளும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். வாங்கும்போது லேன் போர்ட் இருக்கிற வகையாக வாங்குங்கள். பின்னாளில் நடுவே கேபிள் போட்டால் அதே செட் முழு வேகத்தில் ஓடும்.

## லேன் கேபிளும் ஆக்சஸ் பாயின்ட்டும்

என் ஓட்டு இதற்குத்தான். இணைப்பு கம்பியில் போவதால் வேகம் பாதியாவதில்லை. நூறு மீட்டர் வரை கேட் 6 கேபிள் ஒரு கிகாபிட்டைத் தாங்கும். அந்த நீளம் எந்த வீட்டுக்கும் போதும். ஆக்சஸ் பாயின்ட்டாகப் புதிது வாங்கலாம், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரையும் ஆக்கலாம். பழையதில் மூன்றே வேலை: அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுவது, டிஎச்சிபியை (மற்றக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைப்பது, கேபிளை இணையம் உள்ளே வரும் வான் (WAN) போர்ட்டில் சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகுவது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும். காற்றில் கோக்கும்போது எல்லாப் பெட்டியும் ஒரே சேனலில் இருக்க வேண்டும் என்றேன் அல்லவா, இங்கே அதற்கு நேர்மாறு. 2.4-இல் கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. அப்போதுதான் ஒன்றையொன்று இடிக்காது.

மின்வெட்டுக்கும் இதுவே வசதி. லேன் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ வகையை வாங்கினால், கீழே இன்வெர்ட்டர் அறையிலிருந்தே மாடிப் பெட்டி ஓடும். மாடியில் தனிப் பாயின்ட் வேண்டாம்.

இத்தனையும் சொல்லிவிட்டு அந்தப் பச்சைப் பின்னை மறைக்கக் கூடாது. நான்காவதும் ஐந்தாவதும் ஏன் அரித்தன? மாடிப் பெட்டிக்கு மின்சாரம் ஓடிய கம்பிகள் அவை. உப்பு ஈரமும் மின்னோட்டமும் சேர்ந்தால் செம்பு வேகமாகக் கரையும். முதலில் வேகம் ஆயிரத்திலிருந்து நூறுக்கு இறங்கியிருக்கிறது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும் என்பதால் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. பிறகுதான் மாடிப் பெட்டி அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. கேபிளில் தப்பில்லை. அதன் முனையை மொட்டைமாடியில், மூடியில்லாத பெட்டியில், கடலைப் பார்த்து விட்டிருந்தார்கள்.

ஆகவே நம் ஊரில் கேபிள் போட்டால் இவற்றைக் கட்டாயம் கேளுங்கள். கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியே போகும் பகுதிக்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள். சாம்பல் நிறத்தது வெயிலில் வெடித்து, வெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கும். முனைகள் இரண்டும் வீட்டுக்குள் இருக்கட்டும். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். வெளியே சொருகியே ஆக வேண்டும் என்றால் பின்களில் சிலிக்கான் கிரீஸ் தடவி, ரப்பர் வாஷர் உள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

சுவருக்கும் ஒரு வார்த்தை. பழைய சுண்ணாம்புச் சுவரில் டிரில் போட்டால் கல் ஒரு பக்கம், சாந்து ஒரு பக்கம் என்று உதிரும். அந்த வீடுகளைக் கட்டிய கைகள் இப்போது இல்லை. நான் அங்கே துளை போடுவதில்லை. நிலைக்கு மேலுள்ள காற்றுத்துளை, பழைய டிவி கேபிள் போன வழி, மாடிப்படியின் இடுக்கு என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். அரை நாள் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

## கரண்ட் வயர் வழியாக

பிளக்கில் சொருகினால் வீட்டு வயரிங்கிலேயே இணையத்தை அனுப்பும் பெட்டிகளும் உண்டு. கீழும் மேலும் கரண்டின் வேறு வேறு பேஸில் (phase) இருந்தால் சரியாக எடுக்காது. மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு நடுவில் இருந்தால் சிக்னலை அது தின்றுவிடும். இன்வெர்ட்டர் லைனும் நேரடி லைனும் பிரிந்த வீடுகளில் இன்னும் குழப்பம். திருப்பித் தர முடிந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

## வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவே

தங்கச்சிமடம், வேதாளை பக்கம் வீடு ஓரிடம், தென்னந்தோப்பில் வலைக் கொட்டகை ஓரிடம் என்று இருக்கும். கேமராவுக்காவது அங்கே இணைப்பு வேண்டும். இரண்டு வழிகளை ஒப்பிட வேண்டும்.

ஒன்று, கூரையில் எதிரெதிரே மாட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் பாலம். தடையில்லாத பார்வை இருந்தால் ஒரு கிலோமீட்டர்கூடப் போகும். நூறு மீட்டருக்கே பார்வைக் கோட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். தென்னை ஓலை அதற்குள் ஆடினால் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் இணைப்பும் ஆடும். இன்று வெட்டிய ஓலை அடுத்த வருடம் வளர்ந்து நிற்கும். கிளாம்புக்குச் சாதாரண இரும்பு வேண்டாம், 316 வகை ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். எந்தப் பக்கம் கடல் என்பதையும் பாருங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சானில் உப்பு அடிக்கும், பாக் நீரிணைப் பக்கம் வாடையில் அடிக்கும். பெட்டியின் போர்ட் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது.

இன்னொன்று, கேபிள். இங்கே செம்பு வேண்டாம். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டிலிருந்து கொட்டகைக்கு நான்தான் லேன் கேபிளை மரத்தில் கட்டி இழுத்துக் கொடுத்தேன். ஐப்பசியில் ஓர் இரவு இடி விழுந்தது. அடுத்த நாள் போனால் இரு முனையிலும் போர்ட் கருகிக் கிடந்தது. ரவுட்டரும் கேமரா ரெக்கார்டரும் போயின. இரண்டையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அதன்பின் இரு கட்டடங்களுக்கு நடுவே செம்பு இழுப்பதை விட்டுவிட்டேன்.

ஃபைபர் கொண்டுவருபவரிடமே டிராப் ஃபைபரும் (வீட்டுக்கு இழுக்கும் மெல்லிய ஃபைபர் கேபிள்) இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி) கேளுங்கள். கண்ணாடி இழை துருப்பிடிக்காது, மின்னலைக் கடத்தாது. டிராப் கேபிளில் தாங்கலுக்கு எஃகுக் கம்பி ஓடும். அதை இரு முனையிலும் வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள், பெட்டிவரை கொண்டுவர வேண்டாம். நூறு மீட்டருக்குள் என்றால் பாலத்தைவிட இதுதான் நல்லது. நடுவில் அடுத்தவர் நிலமோ பெரிய சாலையோ இருந்தால் மட்டும் பாலத்துக்குப் போங்கள்.

## பெரியபட்டினத்து வீட்டில் செய்தது

அந்த அக்கா வீடு புதுக் கட்டடம். கீழே நான்கு அறை, மேலே மூன்று. நடுவே காங்கிரீட் தளம். கீழே ரவுட்டர் பக்கத்தில் மைனஸ் 45, மாடி அறையில் மைனஸ் 81. படிக்கட்டுத் திருப்பத்தில்கூட மைனஸ் 72. அதனால் ரிப்பீட்டருக்கு நல்ல இடமே இல்லை. மெஷ் வைத்தாலும் தளத்தோடு மல்லுக்கட்டும்.

பழைய கேபிளே போதும் என்று முடிவானது. பச்சை பிடித்த முனையிலிருந்து இரண்டு மீட்டரை வெட்டினேன். அதற்கு அப்பால் செம்பு புதுசு போலவே இருந்தது. ஜன்னல் நிலைக்கு மேலே இருந்த துளை வழியாக முனையை மாடி ஹாலுக்குள் கொண்டுவந்து, புது பின் அடித்து, மொட்டைமாடியில் இருந்த ஆக்சஸ் பாயின்ட்டை உள்சுவரில் மாட்டினேன். கீழே சேனல் 1, மேலே 11. மாடி அறையில் மைனஸ் 52 வந்தது. பின், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒரு ரிப்பீட்டரின் விலைகூட ஆகவில்லை. வெட்டிய முனையை அக்கா குப்பையில் போடப் போனார். கேட்டு வாங்கிக்கொண்டேன். மொட்டைமாடியிலேயே முனையை விடச் சொல்லும் வீடுகளில் இப்போது இதை எடுத்துக் காட்டுகிறேன்.